கொண்டைக்குள் ஒளித்த பருப்பு

முத்துக்கனியின் விரல் நுனிகளுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கொதிக்கிற கஞ்சிப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, துணி தேடுகிற பெண்களை அவள் ஏளனமாகப் பார்க்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஏளனமெல்லாம் ஒன்றும் இல்லை. துணி எதற்கு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

கருங்கல் சந்தைக்கு மேற்கே ஒரு அண்டியாபீஸ் இருந்தது. முந்திரிக்கொட்டையை இந்தப் பக்கத்தில் அண்டி என்பார்கள். அதை வறுத்து, உடைத்து, தோலுரித்து, தகரத்தில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற இடம் அண்டியாபீஸ். ஆபீஸ் என்றதும் யாரும் நாற்காலியையும் மின்விசிறியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓலைக் கொட்டகை, கண்ணைக் கரிக்கிற புகை, தரையில் வரிசையாகக் குந்தியிருக்கிற பெண்கள், ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு மரக்கட்டை. வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துத் தட்டினால் ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையாமல் வெளியே வர வேண்டும். ஓட்டுக்குள் ஒரு கறுப்பு எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்து கொப்புளம் போடும். அதற்காகச் சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். சாம்பலும் எவ்வளவுதான் தடுக்கும்? தோல் உரியும், புதுத்தோல் வரும், அதுவும் உரியும். கடைசியில் விரல்கள், போதும், இனி எங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று ஒதுங்கிவிடும். முத்துக்கனிக்குக் கலியாணத்துக்கு முன்பே அது நடந்துவிட்டது.

அவள் புருஷன் சுயம்பு. அடுத்தவர் நிலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளி நடுவதும் கிழங்கு பிடுங்குவதும் அவன் பிழைப்பு. பேச வேண்டிய இடத்திலும் வேட்டி முனையை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆள். நாடு விடுதலையான வருஷத்தில் இவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். சுசீந்திரத்துச் சாமியின் பெயரைத் தாணுமாலயன் என்று முழுசாக வைத்துவிட்டு, கூப்பிடும்போது தாணு என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அண்டியாபீஸில் வேலை செய்கிறவள் வீட்டில் அண்டிப்பருப்பு இருக்கும் என்று நினைப்பது வெளியூர்க்காரர்களின் கணக்கு. பருப்பெல்லாம் சீமைக்கு. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்க, ஞானம் என்கிற கண்காணிப்புக்காரி ஒவ்வொருத்தியின் மடியையும் இடுப்பையும் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். கொண்டையை மட்டும் தொட மாட்டாள். அவளும் பிள்ளை பெற்றவள். ஒவ்வொரு கொண்டைக்குள்ளும் நாலைந்து பருப்பு வீட்டுக்குப் போகிறது என்பது முதலாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்கலாம்.

இதே ஞானம் ஒரு சாயங்காலம் பெரிய கூத்தே நடத்திவிட்டாள். புதிதாக வந்த ஒருத்தியின் மடியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பார்ப்பதற்கு முன்னாலேயே "கள்ளி! கள்ளி!" என்று அலறினாள். காவல்காரர்கள் கம்போடு ஓடிவந்து கதவைச் சாத்தினார்கள். யாரோ மணியை அடித்தார்கள். மணிச் சத்தம் கேட்டு, கொட்டகையில் தீ பிடித்துவிட்டது என்று வறுப்புக்காரர்கள் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சாத்தின கதவில் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து மூச்சு முட்டினார்கள். எல்லாம் அடங்கி மடியை அவிழ்த்துப் பார்த்தால் ஒரு துண்டு கருப்பட்டி. காப்பிக்கு வைத்திருந்தது. கள்ளனே இல்லாத இடத்தில் இத்தனை பேருக்குக் காயம். முத்துக்கனிக்கு முழங்கை வீங்கி அந்த வாரம் முழுக்க இடது கையை மடக்க முடியவில்லை.

தாணு தவழ்கிற வயதில் அவள் ஒரு பருப்பைத் தன் வாயில் மென்று கூழாக்கி அவன் நாக்கில் வைத்தாள். சப்புக் கொட்டித் தின்றான். இன்னும் வேண்டும் என்று அவள் உதட்டையே பிடித்து இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. அவன் நடந்து பேசத் தொடங்கிய பிறகு ஒருநாள் பருப்பைத் தின்றுவிட்டு, "அரிக்கும்மா" என்று நாக்கை விரலால் சொறிந்தான். உதட்டோரம் சிவந்து தடித்திருந்தது.

அண்டியாபீஸ்காரி அதைப் பார்த்து வேறென்ன நினைப்பாள்? "எனக்க கையில இருந்த எண்ணெ பட்டுப்போச்சு" என்றாள். அவள் வேலை செய்கிற இடத்தில் எந்தப் பிள்ளைக்கும் எண்ணெய் பட்டுக் கொப்புளம் வராமல் இருந்ததில்லை. சேலையில் ஒட்டிவரும், கையில் ஒட்டிவரும், பால் குடிக்கிற பிள்ளையின் கன்னத்தில்கூட ஏறும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். தடவினாள். ஆறிவிட்டது.

அன்றிலிருந்து அவளுடைய சுத்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள், மணலைப் போட்டுத் தேய்ப்பாள். கொண்டையிலிருந்து எடுத்த பருப்பை மறுபடி சட்டியில் வறுத்து, மேலே ஒட்டியிருக்கிற செந்தோலைப் பொடிகூட மிச்சம் இல்லாமல் எடுத்து, வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி, பிறகுதான் பையனுக்குக் கொடுப்பாள். அதுவும் உடைந்ததைக் கொடுக்க மாட்டாள். சீமைக்குப் போகிற முழுப்பருப்பு. இவ்வளவு செய்தும் அடுத்த தடவை அவனுக்கு உடம்பெல்லாம் தடித்தது, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். இன்னும் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும் என்று அவள் தன் கையையே திட்டிக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தி கண்ணேறு என்றாள். ஒருத்தி பூரான் என்றாள். இசக்கியம்மன் கோயில் சாமியாடி மட்டும், "அவ கேக்கா, நீ குடுக்கல்ல" என்றார். கேட்டது என்ன என்று இசக்கியும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பையன் தேறினால் மண்ணில் ஒரு பிள்ளைப் பொம்மை செய்து வைத்து, சர்க்கரைப் பொங்கல் இடுவதாக முத்துக்கனி நேர்ந்துகொண்டாள். அடுத்த நாளே அவன் எழுந்து கோழியைத் துரத்தினான்.

நேர்ந்தது நேர்ந்தபடி நடந்தது. தென்னந்தோப்புக்குள் இசக்கி கோயில் முற்றத்தில் பானை வைத்தார்கள். பச்சரிசி, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, நெய். சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்று அவள் ஒரு வாரமாகக் கொண்டையில் சேர்த்த பருப்பு மொத்தத்தையும் நெய்யில் பொன்னிறமாக வறுத்துக் கொட்டினாள். பானை பொங்கித் தெற்கே வழிந்தது. தெற்கே வழிந்தால் ஆகாது என்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தாணு அப்பன் மடியில் உட்கார்ந்து இலையில் வைத்த பொங்கலைத் தின்றான். பருப்பைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றான். கொஞ்ச நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான். வாந்தி. உதடும் கண்ணும் வீங்கி வேறு யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். இழுக்கிற மூச்சு விசில் மாதிரி வந்தது. சாமியாடி திருநீற்றைப் போட்டு, "யாரும் தொடாண்டாம், அவ எறங்கட்டும்" என்றார். சுயம்பு வேட்டி முனையை முறுக்கிக்கொண்டு நின்றான். இசக்கி இறங்குவதற்குள், பொங்கல் பானை ஆறுவதற்குள், பையன் போய்விட்டான்.

குளிப்பாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி அவன் காலைத் தொட்டுவிட்டு, "குளிந்துபோச்சே, எனக்க மக்களே" என்று ஓலமிட்டாள். முத்துக்கனி அவன் நெஞ்சில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்துபோனதாகச் சொன்னார்கள். அவள் விரலுக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் தோப்பின் ஓரத்திலேயே குழிவெட்டினார்கள்.

அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த வாரம் சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல்மனசுக்காரி என்று பின்னால் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன? நெஞ்சுக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தால் அங்கேயும் தோல் தடித்து மரத்துப்போயிருந்தது. சோறு தின்றால் தின்ற மாதிரியும் இல்லை, தின்னாத மாதிரியும் இல்லை. பானை தெற்கே வழிந்ததுதான் காரணம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளும் அதை ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்வதற்கு ஒன்று கிடைத்ததே பெரிது.

பிறகு செல்லத்தாய் பிறந்தாள். முத்துக்கனி அவளுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். எண்ணெய் தேய்த்தாள், பால் கொடுத்தாள், முதுகில் தட்டித் தூங்கவைத்தாள். கொஞ்சவில்லை. கொஞ்சினால் யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது மாதிரி இருப்பாள். கொண்டையில் பருப்பு கொண்டுவருவதையும் விட்டுவிட்டாள். எண்ணெய் பட்ட பருப்பு இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கொண்டுவந்தாள். அது பிள்ளைக்கு இல்லை, இசக்கிக்கு. தெற்கே வழிந்த பொங்கலைச் சரிசெய்ய வருஷா வருஷம் இடுவதென்று முடிவாகியிருந்தது. பானை இந்தத் தடவை கிழக்கே வழிய வேண்டுமே என்று, யாரும் பார்க்காதபோது அடுப்புக்கல்லின் மேற்குப் பக்கம் ஒரு ஓட்டுச் சில்லை வைத்து முட்டுக்கொடுப்பாள். பானை நல்ல பிள்ளையாகக் கிழக்கே வழியும். இசக்கிக்கு இது தெரியாமலா இருக்கும்? அவளும் கண்டும் காணாமல் இருந்திருப்பாள், ஞானம் கொண்டையைக் காணாதது மாதிரி.

செல்லத்தாய் முதல் வருஷம் அந்தப் பொங்கலை விரலில் நக்கினாள். மறு வருஷம் ஒரு வாய் தின்றுவிட்டு உதட்டைத் துடைத்துத் துடைத்து அழுதாள். சூட்டோடு தின்றிருப்பாள் என்றார்கள். அதற்கடுத்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல், கோயிலுக்கே வரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம், பானை கிழக்கே வழிந்து, எல்லோரும் குரவையிட்டு, சாமியாடியே மெச்சிக்கொண்ட நாளில், இலையில் வைத்ததை அவள் முழுசாகத் தின்றாள்.

முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாந்தி. முத்துக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்தில் தடிப்பு ஏறியது. உதடு வீங்கியது. பிறகு அந்த விசில் சத்தம். முத்துக்கனிக்குக் கை கால் அசையவில்லை, வாயும் திறக்கவில்லை. சாமியாடி திருநீற்றுத் தட்டோடு வந்து, "யாரும் தொடாண்டாம்" என்றார்.

சுயம்பு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான்.

"எலே, அவ எறங்கட்டும்லே. நில்லு!"

"போன தடவ நின்னேன்" என்றான் சுயம்பு.

அவ்வளவுதான் அவன் பேசினது. சாலையோரத்துச் சாயாக்கடையில் சாத்தியிருந்த சைக்கிளை, கடைக்காரரிடம் கேட்காமலே எடுத்தான். முத்துக்கனியைப் பின்னால் உட்காரச் சொல்லிப் பிள்ளையை மடியில் போட்டான். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து தூரம் அதிகம் இல்லை. ஆனால் வழி முழுக்க ஏற்றமும் இறக்கமும். சுயம்பு மூச்சு வாங்க மிதித்தான், பிள்ளை மூச்சு வாங்க மடியில் கிடந்தது. விசில் சத்தம் குறையக் குறைய, நல்லதுக்குக் குறைகிறதா, கெட்டதுக்குக் குறைகிறதா என்று முத்துக்கனிக்குப் புரியவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கை அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையைப் பார்த்ததுமே டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொன்றும் போட்டார். சாயங்கால வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் செல்லத்தாய் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். சுயம்பு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தோள்கள் குலுங்கின.

டாக்டர் வேறு ஊர்க்காரர். அவருடைய தமிழ் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற தமிழ். அதனால் அவர் கேட்கக் கேட்க, சத்தியபாய் என்ற நர்ஸ் நம்முடைய பேச்சில் கேட்டாள். என்ன தின்றாள்? பொங்கல். பொங்கலில் என்ன? அரிசியும் கருப்பட்டியும் தேங்காயும் தினமும் தின்கிறவைதான். நெய்? அதுவும் எப்போதாவது தின்பது. வேறு?

"அண்டிப்பருப்பு" என்றாள் முத்துக்கனி. "நான் அண்டியாபீஸ்ல வேல செய்யுதேன், சாரே. எண்ணெ பட்டிருக்கும்."

டாக்டர் தலையசைத்து ஏதோ சொன்னார். சத்தியபாய் திரும்பினாள்.

"எண்ணெயில்ல கேட்டியா. எண்ணெ பட்டா உனக்கும் தோலு பொக்கும், எனக்கும் பொக்கும். தீ மாதிரி, அது ஆள் பாக்காது. இது அப்படியில்ல. இந்தப் பருப்ப ஊரே திங்குது, யாருக்கும் ஒண்ணும் செய்யல்ல. உனக்க பிள்ளைக்க ஒடம்பு மட்டும் அத விரோதியா நெனச்சுப்போட்டு."

"பருப்புல வெஷமா?"

"வெஷம் பருப்புல இல்ல மக்களே. பிள்ளைக்க ஒடம்பே அடிச்சுப் பிடிச்சு இந்தப் பாடு படுத்துது."

பிறகு டாக்டர் நிதானமாகச் சொல்ல, சத்தியபாயும் நிதானமாகச் சொன்னாள். குடல் என்பது வெறும் குழாய் அல்ல. தின்றது கரைந்து உடம்புக்குள் போகிற வாசல் அது. வாசல் இருந்தால் காவலும் உண்டு. கிருமி வந்தால் பிடித்துக் கொல்வதற்கு அந்தச் சுவரோரத்தில் காவல் திரண்டு நிற்கிறது. சோறு வந்தால் சோறு என்று கண்டு வழிவிடவும் அதற்குத் தெரியும். சில பிள்ளைகளுக்கு மட்டும், ஏன் என்று பெரிய டாக்டர்களுக்கே விளங்கவில்லை, ஏதாவது ஒரு சாப்பாட்டைக் காவல் தப்பாகக் குறித்துவைத்துக்கொள்ளும். குறிக்கிற அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அதே சாமான் ஒரு துணுக்கு உள்ளே வந்தால் போதும், காவல் தன்னிடம் உள்ள ஒரு சாற்றை அள்ளிக் கொட்டும். அதனால் குடல் முறுக்கி வாந்தி வருகிறது. இரத்தத்தோடு அது ஓடித் தோலில் தடிப்பாகிறது. உதடும் தொண்டையும் நீர் கோத்து வீங்குகின்றன, மூச்சுக்குழல் சுருங்குகிறது, நாடி விழுந்துபோகிறது. எல்லாம் ஒன்றும் செய்யாத ஒரு பருப்புக்காக.

முத்துக்கனிக்கு அந்தச் சாயங்காலம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஞானத்தின் அலறல், சாத்தின கதவு, குடம் குடமாகக் கொட்டின தண்ணீர், மூச்சு முட்டின பெண்கள். கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி. வேறு யாரும் அவளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்டாள். "நல்லாக் கழுவிக் குடுத்தா? மறுபடியும் வறுத்து, தோலெல்லாம் எடுத்து, வெந்நீர்ல அலசி?"

சத்தியபாய் டாக்டரிடம் கேட்கக்கூட இல்லை. "எப்படிக் கழுவினாலும் பருப்பு பருப்புதானே, மக்களே."

முத்துக்கனி தலையாட்டினாள். சீயக்காய், மணல், வெந்நீர், துணி. உடையாத முழுப்பருப்பாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. அவளைப்போல் சுத்தம் பார்த்தவள் அந்த அண்டியாபீஸிலேயே கிடையாது. இதை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றி யாரோ சொல்வது மாதிரி இருந்தது.

"இதுக்கு மருந்து?" என்று கேட்டான் சுயம்பு.

"தின்னாம இருக்கதுதான் மருந்து. ஒரு பொடிகூட ஆகாது. அது பட்ட கையால பிள்ளைக்கிச் சோறும் ஊட்டாண்டாம். இனியும் இப்படி வந்தா எங்கயும் நிக்காம இஞ்ச வரணும்."

மறுநாள் திரும்பும்போது சுயம்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். செல்லத்தாய் பின்னால் உட்கார்ந்து வழியில் தெரிந்த மாட்டையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள். திங்கள்நகர் தாண்டினார்கள். பிறகு சுயம்பு சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பம் பயலுக்கும்?"

"ம்" என்றாள் முத்துக்கனி.

அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சைக்கிளைத் தள்ளினான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சாயாக்கடைக்காரர் சைக்கிளுக்காகச் சண்டைக்கு நின்றவர், பிள்ளையைப் பார்த்ததும் அதை வாங்கி உள்ளே வைத்தார்.

அண்டியாபீஸ் வேலையை முத்துக்கனி விட்டுவிட்டாள். கடைசி நாள் வாசலில் ஞானம் அவள் மடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "ஏட்டி, பிள்ளைக்கி நாலு கொண்டையில வச்சிருக்கியா? இல்லெங்கி போய் எடுத்துட்டு வா, நான் பாக்க மாட்டேன்" என்றாள். முத்துக்கனி கொண்டையை அவிழ்த்து, தலையைக் குனிந்து, முடியை ஒருமுறை உதறிக் காட்டினாள். எல்லோரும் பார்க்க அப்படிச் செய்தது ஞானத்துக்கு வருத்தமாகப் போய்விட்டது. அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல் முத்துக்கனி வந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் இசக்கிக்குப் பருப்பில்லாப் பொங்கல்தான். பானைக்கு ஓட்டுச் சில்லும் வைக்கவில்லை. எந்தப் பக்கம் வழிந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்க உட்கார்ந்தாள். சுயம்பு சுமந்துவந்து போடுவான், அவள் மண்ணைத் தட்டிக் குவிப்பாள். விரலில் பழைய கறுப்புத் தோல் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தோல் வந்தது. கிழங்கின் சொரசொரப்பு முதலில் தெரிந்தது. பிறகு ஒருநாள் கஞ்சிப் பானையை இறக்கப்போய், "ஆ" என்று கையை உதறினாள். சுயம்பு துணியை எடுத்து நீட்டினான்.

நவம்பரில் இந்தப் பக்கத்துத் தாலுகாக்களெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. சந்தையெல்லாம் கொடி, கொட்டு, கோஷம். பலகாரக் கடைக்காரர் அப்போதுதான் பிடித்த லட்டை வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். செல்லத்தாய்க்கும் ஒன்று கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே தின்றுவிட்டார்கள். அவள் தின்னாமல் இலைத்துண்டோடு ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து அம்மையிடம் வந்தாள்.

"அம்மா, இதுல அண்டி உண்டா?"

முத்துக்கனி லட்டை வாங்கி விரலால் உதிர்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. மாவுமணிகளுக்கு நடுவே வளைந்து வழுவழுப்பாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ வருஷம் உடைத்துக் குவித்ததை அந்த விரல் இப்போதுதான் முதன்முதலாகத் தொட்டது மாதிரி இருந்தது. லட்டைத் தூர எறிந்தாள். குடத்துத் தண்ணீரை விட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளையின் கையையும் கழுவிவிட்டாள்.

"லட்டு கிட்டல்லியேன்னு சங்கடமா, மக்களே?" என்று அவள் கன்னத்தில் கையை வைத்தாள்.

வெயிலில் ஓடிவந்த கன்னம். கதகதவென்று இருந்தது. அடியில் ஒரு நரம்பு துடிப்பதுகூடத் தெரிந்தது. முத்துக்கனி கையை எடுக்கவில்லை. தோப்போரத்தில், தண்ணீர் விட்டுத் தேய்த்த ஒரு சின்ன நெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குள்ளிருந்து ஏதோ பிய்த்துக்கொண்டு வந்தது. சந்தை நடுவில், கிழங்குக் குவியலுக்கு முன்னால், வாயைத் திறந்து ஓலமிட்டு அழுதாள். கொட்டுச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரிக்குக்கூட முதலில் கேட்கவில்லை.

செல்லத்தாய் பயந்துபோனாள். "எதுக்கும்மா அழுக?"

"இவ்வளவு சூடாத்தானே மக்களே உனக்க அண்ணனும் இருந்திருப்பான்" என்றாள் முத்துக்கனி. "எனக்கு ஒருநாளும் தெரியல்லியே."